ஜாமீனில் வந்தவன் மறுபடியும் வீடு புகுந்தான். அடித்த என் மேல் வழக்கு!

வாசகர் கடிதம், சுருக்கமாக

தென்மாவட்டம் ஒன்றில் அரிசிக் கடை வைத்திருப்பவர் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறோம். வயது 44. மனைவி, இரண்டு பிள்ளைகள், 72 வயதுத் தாயாருடன் சொந்த வீட்டில் வசிக்கிறார். ஜனவரியில் ஒரு நள்ளிரவில் கொல்லைக் கதவை உடைத்து 11 பவுன் நகை திருடு போனது. பிப்ரவரி 10-ல் ஒருவன் பிடிபட்டு அன்றே சிறைக்குப் போனான். 6 பவுன் கிடைத்தது. ஏப்ரல் 16-ல் மாஜிஸ்திரேட் அவனுக்கு ஜாமீன் கொடுத்தார். குற்றப்பத்திரிகை ஜூன் மாதம்தான் தாக்கலானது.

ஆகஸ்ட் 19 நள்ளிரவு தாண்டி 2.30 மணிக்கு அதே ஆள், அதே கொல்லைக் கதவு. சத்தம் கேட்டு எழுந்து வந்த தாயாரை அவன் தள்ளிவிட, அவர் கிரைண்டர் மேடையில் மோதி விழுந்தார். கையில் கடப்பாரையுடன் நின்றவனை வாசகர் உருட்டுக்கட்டையால் அடித்தார். வலது முன்கை உடைந்தது, கடப்பாரை கீழே விழுந்தது, அவன் கொல்லை வழியே ஓடினான். தெருமுனையில் அக்கம்பக்கத்தார் மடக்கி மின்கம்பத்தில் கட்டினார்கள். போலீஸ் வரும்வரை முக்கால் மணி நேரம் அடி. "ஆத்திரத்தில் நானும் இரண்டு அடி போட்டேன்" என்கிறார் வாசகர். அவனுடைய இடது கால் எலும்பும் முறிந்திருக்கிறது.

இப்போது இரண்டு எஃப்.ஐ.ஆர். அவன் மேல் ஒன்று. வாசகர் மீதும் "மற்றும் பலர்" மீதும் பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டம்) 296(பி), 126(2), 118(2) பிரிவுகளில் இன்னொன்று. வாசகர் தன் புகாரில், "ஓடும்போது தவறி விழுந்து அடிபட்டான், நான் அடிக்கவில்லை" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். தெரு வாட்ஸ்அப் குழுவில், மாஜிஸ்திரேட் காசு வாங்கிக்கொண்டு ஜாமீன் கொடுத்ததாகப் பதிவும் போட்டிருக்கிறார். தாயாருக்கு மணிக்கட்டில் வீக்கம். நாட்டு வைத்தியரிடம் கட்டுப் போட்டிருக்கிறார்கள்.

அவருடைய கேள்விகள்: ஜாமீன் கொடுத்த மாஜிஸ்திரேட் மேல் நஷ்டஈடு வழக்குப் போட முடியுமா? இரவில் வீடு புகுந்தவனைக் கொல்லவே சட்டம் அனுமதிக்கும்போது என் மேல் எப்படி வழக்கு? உறவினர்கள் ராஜியாகப் போகச் சொல்கிறார்களே? காம்பவுண்டுச் சுவரில் கரண்ட் கம்பி ஓட்டலாமா?

பதில்

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் ஒரே வரியில் சொல்லிவிட்ட விஷயம்தான் இரண்டு வழக்குகளுக்கும் அச்சாணி: அம்மாவின் மணிக்கட்டு. இதை மேலே படிப்பதற்கு முன் அவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். எக்ஸ்-ரே எடுத்து, என்ன நடந்தது, யார் தள்ளியது என்பதை விபத்துப் பதிவேட்டில் பதியச் சொல்லி அதன் நகலை (ஏ.ஆர். காப்பி) வாங்குங்கள். ஒன்பது நாள் தாமதமாகிவிட்டது. ஏன் தாமதம், இடையில் யாரிடம் கட்டுப் போட்டீர்கள் என்பதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். தாமதத்துக்குக் காரணம் இருந்தால் நீதிமன்றம் ஏற்கும்; காரணத்தை மறைத்தால் ஏற்காது.

அதே நாளில் தெருமுனை வீட்டுக்காரரைப் பார்த்து அவர் வீட்டு கேமராவின் டி.வி.ஆர். (காட்சிகளைச் சேமிக்கும் பெட்டி) பதிவைக் காப்பாற்றுங்கள். ஹார்டு டிஸ்க் நிறைந்ததும் பழைய பதிவின் மேல் புதியது தானாக ஏறிவிடும். பல வீடுகளில் இரண்டு, மூன்று வாரத்துக்கு மேல் எதுவும் மிஞ்சுவதில்லை. பென் டிரைவில் நகல் எடுத்தால் மட்டும் போதாது. டி.வி.ஆரையே மகஜர் (சாட்சிகள் முன் எழுதும் கைப்பற்றல் குறிப்பு) போட்டுக் கைப்பற்றும்படி விசாரணை அதிகாரிக்கு எழுத்தில் மனுக் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63(4)-ன்படி மின்னணுப் பதிவோடு ஏ, பி என இரு பகுதிச் சான்றிதழ் வேண்டும். ஒன்றைக் கருவியைக் கையாண்டவர் தர வேண்டும், மற்றதை நிபுணர். கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹாஷ் எண்ணும் அதில் இருக்க வேண்டும். அந்தப் பதிவு உங்களுக்குச் சாதகமா பாதகமா என்று இப்போது கணக்குப் போடாதீர்கள். அது இல்லாவிட்டால், மின்கம்பத்தடியில் நடந்தது முழுவதும் பெயர் தெரிந்த ஒரே ஆளான உங்கள் தலையில்தான் விடியும்.

அந்த ஜாமீன் எப்படி வந்தது?

மாஜிஸ்திரேட் மனம் இரங்கி அவனை விட்டார் என்று நினைக்கிறீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் தேதிகள் வேறு கதை சொல்கின்றன. இரவில் வீட்டை உடைத்துத் திருடுவது பி.என்.எஸ். 331(4). அதிகபட்சத் தண்டனை 14 ஆண்டு. ஆனால் குறைந்தபட்சம் இவ்வளவு என்று எதுவும் இல்லை. இப்படிப்பட்ட குற்றத்தில் புலனாய்வை முடிக்கக் காவல்துறைக்குக் கிடைப்பது 60 நாள் என்று பழைய சட்டத்தின் கீழ் ராகேஷ் குமார் பால் வழக்கில் 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்ற நடைமுறைச் சட்டம்) 187(3)-ஐயும் நீதிமன்றங்கள் அந்த வழியிலேயே படித்து வருகின்றன. சிறைக்கு அனுப்பிய நாளையும் கணக்கில் சேர்த்தால் பிப்ரவரி 10-லிருந்து 60-வது நாள் ஏப்ரல் 10. அன்றுவரை குற்றப்பத்திரிகை வரவில்லை. ஏப்ரல் 11 முதல் அவன் கேட்டால் ஜாமீன் கொடுத்தே ஆகவேண்டும்.

கோர்ட்டு வளாகத்தில் இதை ஸ்டாச்சுட்டரி பெயில் அல்லது டீஃபால்ட் ஜாமீன் என்பார்கள். ஆள் எப்படிப்பட்டவன், முன்வழக்கு எத்தனை என்பதையெல்லாம் இதில் பார்க்கக் கூடாது. இது அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவோடு பிணைந்த உரிமை என்று, சென்னையிலிருந்து போன எம். ரவீந்திரன் வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம் அழுத்தமாகச் சொல்லியிருக்கிறது. "என் பாக்கி 5 பவுனுக்கான பணத்தையாவது கட்டச் சொல்லியிருக்கலாமே" என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கும் வழியில்லை. தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் டீஃபால்ட் ஜாமீனுக்கு 8 லட்சம் ரூபாய் கட்ட வேண்டுமென்று போட்ட நிபந்தனையை, சரவணன் வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றமே ரத்து செய்தது.

ஆக, ஜாமீன் ஆணையின் சான்றிட்ட நகலை முதலில் வாங்குங்கள். புகார்தாரர் என்ற முறையில் அந்த நீதிமன்றத்திலேயே நகல் மனுப் போடலாம். ஆணையில் 187(3) என்று இருந்தால் உங்கள் கோபம் தவறான கட்டடத்தின் மேல் பாய்ந்திருக்கிறது. கேள்வி கேட்க வேண்டிய இடம் காவல் நிலையம்.

பாக்கி நகையைத் தேடிக்கொண்டிருந்தோம், கைரேகை அறிக்கை வரவில்லை என்று அங்கே பதில் வரும். அது சாக்கு. கையில் இருப்பதை வைத்துக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்துவிட்டு, பி.என்.எஸ்.எஸ். 193(9)-ன் கீழ் மேல்விசாரணையைத் தொடரச் சட்டம் இடம் கொடுக்கிறது. கைதான தேதி, குற்றப்பத்திரிகை தேதி இரண்டையும் குறிப்பிட்டு, 60 நாள் தாண்டியதற்கு யார் பொறுப்பு என்று மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். துறை விசாரணை நடக்குமா என்பது ஒருபுறம் இருக்கட்டும். இரண்டாவது வழக்கில் அதே நிலையம் அதே தூக்கத்தைப் போடாமல் இருக்க அந்தக் கடிதம் உதவும்.

மாஜிஸ்திரேட் மேல் வழக்குப் போட முடியுமா?

முடியாது. 1850-ம் ஆண்டின் நீதித்துறை அலுவலர்கள் பாதுகாப்புச் சட்டம் சிவில் வழக்கைத் தடுக்கிறது. 1985-ம் ஆண்டின் நீதிபதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 3-வது பிரிவு, நீதிப் பணியின்போது செய்த செயலுக்கு சிவில், கிரிமினல் இரண்டு வகை வழக்கையும் எந்த நீதிமன்றமும் எடுக்கக் கூடாது என்கிறது. நல்லெண்ணத்தோடு நீதிபதியாகச் செய்தது குற்றமே ஆகாது என்கிறது பி.என்.எஸ். 15.

அப்படியானால் நீதிபதிகளைக் கேட்க ஆளே இல்லையா என்றால், இருக்கிறது. ஜாமீன் ஆணை சட்டப்படி தவறென்றால் மேல்நீதிமன்றம் அதை நீக்கும். கீழமை நீதிபதிகளின் ஒழுங்கு நடவடிக்கை, அரசியல் சாசனம் 235-ன்படி உயர் நீதிமன்றத்தின் கையில் இருக்கிறது. லஞ்சம் வாங்கிக்கொண்டு சட்டத்துக்கு முரணாக ஆணையிட்டதாக நிரூபணமானால் பி.என்.எஸ். 257-ல் 7 ஆண்டுவரை சிறை. ஆனால் தவறான ஆணை வேறு, கெட்ட நோக்கம் வேறு. பீகாரில் ஜாமீன் கொடுத்ததைக் காரணம் காட்டி ஒரு நீதிபதி மேல் எடுத்த ஒழுங்கு நடவடிக்கையை, கிருஷ்ண பிரசாத் வர்மா வழக்கில் 2019-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஆணை தப்பு என்பதற்காக மட்டும் நீதிபதியைத் தண்டித்தால் எவரும் பயமில்லாமல் நீதி சொல்ல முடியாது என்பதே காரணம்.

இது உங்களுக்குக் கசக்கும் என்று தெரியும். ஆனால் இன்றைக்கு நீங்களும் ஒரு வழக்கில் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர். முன்ஜாமீன் கேட்டு நீதிபதி முன் நிற்கப் போகிறவர். ஜாமீன் கொடுத்தால் தன் வேலைக்கு ஆபத்து என்று பயப்படும் நீதிபதி உங்களுக்கும் கொடுக்க மாட்டார்.

வாட்ஸ்அப் பதிவு பற்றி: ஆதாரம் எதுவும் கையில் இல்லாமல் "காசு வாங்கினார்" என்று எழுதுவது அவதூறு, நீதிமன்ற அவமதிப்பு என்று எடுத்துக்கொள்ளவும் இடமுண்டு. அதே குழுவில், "என் வருத்தத்தில் எழுதியது, ஆதாரமில்லை, திரும்பப் பெறுகிறேன்" என்று ஒரு வரி போடுங்கள். உண்மையிலேயே ஆதாரம் கிடைத்தால் பிரமாணப் பத்திரத்தோடு உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். கீழமை நீதிபதியைப் பற்றி நல்லெண்ணத்தோடு உயர் நீதிமன்றத்திடம் சொல்வது அவமதிப்பு ஆகாது என்று 1971-ம் ஆண்டு அவமதிப்புச் சட்டத்தின் 6-வது பிரிவே சொல்கிறது. உயர் நீதிமன்றத்தில் சொன்னால் அது புகார். தெருக் குழுவில் சொன்னால் உங்கள் மேல் மூன்றாவது வழக்கு.

அரசிடம் நஷ்டஈடு கேட்டு ரிட் போடலாம் என்று யாராவது சொன்னால் செலவையும் வருடங்களையும் நினைத்துப் பாருங்கள். நிலபதி பெஹெரா வழக்கு (1993) போன்றவை அரசின் காவலில் இருந்தவருக்கு நேர்ந்த கேட்டுக்கானவை. திருடன் செய்ததற்கு அது நேராகப் பொருந்தாது. அம்மாவின் காயத்துக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பி.என்.எஸ்.எஸ். 396-ன் கீழ் மனுப் போடுங்கள். அதற்குக் கட்டணமில்லை.

அவன் மறுபடி வெளியே வராமலிருக்க

டீஃபால்ட் ஜாமீன் என்றால் எதைச் செய்தாலும் ரத்தாகாது என்பது இன்னொரு தவறான எண்ணம். கொடுத்த பிறகு அதுவும் சாதாரண ஜாமீனைப் போன்றதே. ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில், ஜாமீன் காலத்தில் அதே மாதிரிக் குற்றம் செய்யக் கூடாது என்பது பி.என்.எஸ்.எஸ். 480(3)-ல் உள்ள நிபந்தனை. அதே வீட்டின் அதே கதவை உடைப்பதைவிட "அதே மாதிரிக் குற்றம்" வேறென்ன இருக்க முடியும்? செஷன்ஸ் நீதிமன்றத்தில் 483(3)-ன் கீழ் ஜாமீன் ரத்து மனுவை அரசுத் தரப்புதான் போட வேண்டும் என்றில்லை, நீங்களே போடலாம். முதல் ஜாமீன் ஆணையின் நகல், புதிய எஃப்.ஐ.ஆர்., கைது குறிப்பு மூன்றும் இணைப்பாக வேண்டும்.

"அவன்தான் உள்ளே இருக்கிறானே, எதற்கு ரத்து?" என்று உங்கள் வக்கீலே கேட்கலாம். பழைய ஜாமீன் உயிரோடு இருந்தால், புதிய வழக்கில் ஜாமீன் கிடைத்த மாலையே அவன் வெளியே வருவான். ரத்தாகியிருந்தால் இரண்டு பூட்டைத் திறக்க வேண்டும்.

புதிய வழக்கின் ஜாமீன் மனுவிலும் உங்கள் குரல் கேட்கப்பட வேண்டும். வழக்கின் ஒவ்வொரு கட்டத்திலும் பாதிக்கப்பட்டவருக்குப் பேச உரிமை உண்டு என்று ஜக்ஜீத் சிங் வழக்கில் (2022) உச்ச நீதிமன்றம் சொன்னது. வக்கீல் மூலம் இடையீட்டு மனுப் போடுங்கள். ஜாமீன் கொடுத்தே தீர வேண்டிய நிலை வந்தால், வெளியூரில் தங்கி அங்குள்ள நிலையத்தில் தினமும் கையெழுத்துப் போட வேண்டும் என்ற நிபந்தனையைக் கேளுங்கள்.

இப்போது மணிக்கட்டுக்கு வருவோம். எலும்பு முறிவு என்றால் அது கொடுங்காயம். வீட்டை உடைக்கும் செயலின்போது கொடுங்காயம் ஏற்படுத்தினால் பி.என்.எஸ். 331(7). ஆயுள் தண்டனைவரை போகும், செஷன்ஸ் நீதிமன்றம் விசாரிக்கும். அந்தப் பிரிவு சேர்ந்தால் மூன்று மாற்றம் வரும்: மாஜிஸ்திரேட் ஜாமீன் கொடுக்கும் அதிகாரம் 480(1)-ல் பெரிதும் சுருங்கிவிடும், காவல்துறைக்கான கெடு 60-லிருந்து 90 நாளாகும், உங்கள் தற்காப்பு வாதத்துக்கு முதுகெலும்பு கிடைக்கும். எக்ஸ்-ரே கிடைத்ததும் அம்மாவிடம் பி.என்.எஸ்.எஸ். 180-ன் கீழ் வாக்குமூலம் வாங்கி, பிரிவை மாற்றி நீதிமன்றத்துக்கு அறிக்கை அனுப்பும்படி மனுக் கொடுங்கள். எக்ஸ்-ரேயில் வெறும் சுளுக்கு என்று வந்தால் இந்தப் பிரிவு நிற்காது, வற்புறுத்த வேண்டாம்.

ஆகஸ்ட் 20-ல் அவன் ரிமாண்ட் ஆனான் என்று எழுதியிருக்கிறீர்கள். 60-வது நாள் அக்டோபர் 18. பிரிவு மாறினால் 90-வது நாள் நவம்பர் 17. அக்டோபர் 3-ம் தேதியே ஆய்வாளருக்கும் டி.எஸ்.பி.க்கும் நினைவூட்டல் மனுக் கொடுங்கள். 90 நாளுக்குள் விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிவிப்பது 193(3)-ன்படி அவர்கள் கடமை. அதையும் மனுவில் எழுதுங்கள்.

உங்கள் மேல் உள்ள வழக்கு

இரவில் வீடு புகுந்தவனைக் கொல்லலாம் என்பது பாதி உண்மை. பி.என்.எஸ். 41, சூரியன் மறைந்து உதிக்கும்வரை வீட்டை உடைத்துப் புகுபவனுக்கு எதிரான தற்காப்பு மரணம்வரை போகலாம் என்கிறது. ஆனால் அந்தப் பிரிவே, 37-வது பிரிவின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டுத்தான் பேசுகிறது: தேவைக்கு மேல் ஒரு அடியும் கூடாது. அந்த உரிமை எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதை 43 சொல்கிறது: வீட்டுக்குள் அவன் அத்துமீறி இருக்கும்வரை. (ஒரு பக்கக் குறிப்பு: காம்பவுண்டுக்குள் குதித்து நிற்பவன் வீட்டை உடைத்தவன் ஆகமாட்டான். அவனுக்கு 41-ன் இந்தப் பகுதி பொருந்தாது. பலர் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.)

ஆக உங்கள் வழக்கு கொல்லைப்படியில் இரண்டாகப் பிளக்கிறது.

அடுக்களைக்குள் நடந்தது: நள்ளிரவு, உடைந்த கதவு, கீழே விழுந்து கிடக்கும் தாய், அவன் கையில் கடப்பாரை. ஒரே அடி, கடப்பாரை விழுந்ததும் நிறுத்திவிட்டீர்கள். சொத்தைக் காக்கும் உரிமையோடு, உயிருக்கோ உறுப்புக்கோ ஆபத்து என்ற நியாயமான அச்சத்துக்கான 38-வது பிரிவும் சேர்கிறது. ஆபத்தின் நடுவே நிற்பவன் தன் அடியைத் தங்கத் தராசில் நிறுத்துப் பார்க்க வேண்டியதில்லை என்பது தர்ஷன் சிங் வழக்கு (2010) வரை உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொன்னது. வலது கை முறிவுக்கு நீங்கள் பயப்பட வேண்டியதில்லை.

தெருவில் நடந்தது: துரத்தியதும் பிடித்ததும் தப்பில்லை. கண்ணெதிரே ஜாமீனில் விடமுடியாத, பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் செய்தவனைப் பொதுமக்களே பிடிக்கலாம் என்கிறது பி.என்.எஸ்.எஸ். 40. தாமதமில்லாமல், 6 மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும். ஓடாமல் இருக்கக் கையைக் கட்டியதையும் நியாயப்படுத்திவிடலாம். கட்டிய பிறகு விழுந்த ஒவ்வொரு அடியும் குற்றம்தான். கட்டுண்டவனிடமிருந்து யாருக்கும் ஆபத்தில்லை. அங்கே தற்காப்பு என்ற சொல்லுக்கே வேலையில்லை. உங்கள் இரண்டு அடி காலை முறிக்கவில்லை என்றாலும், பொது நோக்கம் என்று பி.என்.எஸ். 3(5)-வது பிரிவில் எல்லாருடைய அடிக்கும் எல்லாரையும் பொறுப்பாக்க முடியும்.

இதில் நீங்கள் செய்த பெரிய பிழை, அடித்ததல்ல. "தவறி விழுந்தான்" என்று எழுதிக் கொடுத்தது. பிடிபட்டவர்கள் வழுக்கி விழும் கதையைக் கேட்டுக் கேட்டுத் தமிழ்நாட்டு நீதிமன்றங்களுக்குக் காது புளித்துவிட்டது. அடிக்கவே இல்லை என்று சொல்பவர் தற்காப்புக்காக அடித்தேன் என்று எப்படிச் சொல்வார்? சட்டப்படி மாற்றுவாதம் வைக்கலாம், சாட்சியங்களிலிருந்தே தற்காப்பு தெரிந்தால் நீதிமன்றம் தானாகவும் ஏற்கும் என்பது சரி. ஆனால் சாக்ஷ்ய அதினியம் 108-ன்படி விதிவிலக்கைக் காட்டும் சுமை உங்களுடையது. சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டாம். இப்படித்தான் நடந்திருக்கும் என்று தோன்றவைத்தால் போதும். முதல் வாக்கிலேயே பொய் இருந்தால் அந்தத் தோற்றம் கெடும்.

திருத்த வழி இருக்கிறது. ஆனால் நேராக நிலையத்துக்குப் போய் இன்னொரு வாக்குமூலம் கொடுக்காதீர்கள். ஒரு வழக்கில் நீங்கள் சாட்சி, இன்னொன்றில் எதிரி. முன்ஜாமீன் மனுவிலேயே, வீட்டுக்குள் ஒரு அடி தற்காப்புக்காக அடித்தேன் என்பதை வக்கீல் வழியாகப் பதிவு செய்யுங்கள். மின்கம்பத்தடி விஷயத்தில் பொய் சொல்லவும் வேண்டாம், நீங்களாக வாக்குமூலம் எழுதித் தரவும் வேண்டாம். தனக்கு எதிராகவே சாட்சி சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்பது அரசியல் சாசனம் 20(3).

முன்ஜாமீன் எதற்கு, "கூப்பிடும்போது வாங்க போதும்" என்று இன்ஸ்பெக்டர் சொல்லியிருக்கிறாரே என்கிறீர்கள். 296(பி)-ஐ விடுங்கள், ஆபாசமாகத் திட்டியது என்பது நம்மூர் அடிதடி எஃப்.ஐ.ஆர்.களில் உப்பு மாதிரி, எல்லாவற்றிலும் சேரும். 118(2) விளையாட்டில்லை: ஆபத்தான ஆயுதத்தால் கொடுங்காயம், ஓராண்டுக்குக் குறையாத சிறை, ஆயுள்வரை போகலாம், ஜாமீனில் விடமுடியாத பிரிவு. 7 ஆண்டுவரை தண்டனை உள்ள வழக்குகளில் கைதுக்கு முன் பி.என்.எஸ்.எஸ். 35(3) நோட்டீஸ் என்ற பாதுகாப்பும் இதில் கிடைக்காது. பி.என்.எஸ்.எஸ். 482-ன் கீழ் முதலில் மாவட்டச் செஷன்ஸ் நீதிமன்றம், மறுத்தால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை.

உருட்டுக்கட்டை 118-வது பிரிவு சொல்லும் ஆயுதமா என்பதும் வாதத்துக்குரியது. அளவு, கனம், அடித்த இடம் எல்லாம் பார்ப்பார்கள். இல்லை என்றானால் வழக்கு 117(2)-க்கு இறங்கும். அது ஜாமீனில் விடத்தக்கது. அதனால் கட்டையை ஒளித்து வைக்காதீர்கள். கைப்பற்றக் கேட்டால் கொடுங்கள். காணாமல் போன கட்டை, குற்றப்பத்திரிகையில் இரும்புக் கம்பியாக மாறிவிடும்.

காயச் சான்றிதழில் கை முறிவும் கால் முறிவும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு எஃப்.ஐ.ஆரையும் ஒரே அதிகாரி விசாரிக்கவும், விசாரணைக்கு வந்தால் ஒரே நீதிபதி முன் அடுத்தடுத்து நடக்கவும் கேளுங்கள். வழக்கு, எதிர்வழக்கு இரண்டையும் அப்படித்தான் நடத்த வேண்டும் என்று சுதிர் வழக்கு (2001) சொல்கிறது. தனித்தனியாகப் போனால் ஒரு நீதிபதி திருடனை மட்டும் பார்ப்பார், இன்னொருவர் உடைந்த காலை மட்டும் பார்ப்பார். எஃப்.ஐ.ஆரை ரத்து செய்ய பி.என்.எஸ்.எஸ். 528-ன் கீழ் உடனே மதுரைக்கு ஓடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கால் முறிவு என்ற உண்மை இருக்கும்வரை அது பெரும்பாலும் தள்ளுபடியாகும். தற்காப்பு சாட்சியத்தில் முடிவாக வேண்டிய விஷயம்.

ராஜி

அவன் தரப்பு, "நீங்க கேஸை விட்டுருங்க, நாங்களும் விட்டுர்றோம்" என்று தூது விட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இரவில் வீட்டை உடைத்த வழக்கு ராஜியாகக் கூடிய பட்டியலில் இல்லை, 118(2)-ம் இல்லை. நடைமுறையில் இந்தப் பேச்சுக்குப் பொருள், இரண்டு பக்கமும் கூண்டில் ஏறிப் பல்டி அடிப்பது. பொய்ச்சாட்சி வழக்கு ஒரு ஆபத்து. அதைவிடப் பெரிய ஆபத்து, நீங்கள் விட்டுக்கொடுத்த பிறகு அவன் தரப்பு விடாமல் போவது. உங்கள் வழக்கு 117(2)-க்கு இறங்கினால், நீதிமன்ற அனுமதியோடு அதை மட்டும் சமரசம் செய்ய அடிபட்டவனுக்கு உரிமை வரும். அதைப் பற்றி அப்போது பேசலாம், அம்மாவின் வழக்கை அதற்கு விலையாகக் கொடுக்காமல். மீட்கப்பட்ட 6 பவுன் இன்னும் கோர்ட்டில் இருந்தால், வழக்கு முடியக் காத்திருக்க வேண்டாம். பிணைப் பத்திரம் கொடுத்து இடைக்காலத்திலேயே திரும்பப் பெற மனுப் போடுங்கள்.

கரண்ட் கம்பி

வேண்டாம். பீகாரில் தன் கழிப்பறைக்கு யாரும் வரக் கூடாதென்று வழியில் மின்சாரம் பாயும் வெற்றுக் கம்பியைக் கட்டி வைத்தவர், அங்கே வந்த பக்கத்து வீட்டுப் பெண் இறந்துபோன வழக்கில் தண்டிக்கப்பட்டார். செருபின் கிரிகோரி வழக்கு, 1963. அத்துமீறி வந்தவர் என்ற வாதத்தையும் தற்காப்பு வாதத்தையும் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. கம்பிக்கு ஆள் தெரியாது. பந்தெடுக்கச் சுவரேறும் பையனும், மீட்டர் பார்க்க வருபவரும், மழை நாளில் ஈரச் சுவரைத் தொடும் உங்கள் பிள்ளையும் அதற்கு ஒன்றுதான். தற்காப்புரிமை அந்த நேரத்து ஆபத்தைப் பார்த்து அந்த நேரத்தில் பிறப்பது. முன்கூட்டியே சுவரில் கட்டி வைக்க முடியாது.

இரண்டு தடவையும் அவன் வந்தது கொல்லைக் கதவு வழியாக. அந்தக் கதவுக்கு வெளியே இரும்பு கிரில் கதவு போட்டு, பூட்டு உள்பக்கம் இருக்கும்படி வையுங்கள். நிலைச்சட்டத்தில் ஆணிக்குப் பதில் சுவருக்குள் இறங்கும் ஆங்கர் போல்ட் கேளுங்கள். கடப்பாரைக்கு முதலில் இடம் கொடுப்பது கதவல்ல, நிலை. சந்துப் பக்கம் சென்சார் விளக்கு ஒன்று. வெளியூர் போகும் நாளில் நிலையத்துக்குச் சொல்லிவிட்டுப் போங்கள். இனி இரவில் சத்தம் கேட்டால், எல்லாரும் ஒரே அறைக்குள் தாழிட்டுக்கொண்டு முதலில் 112-ஐ அழையுங்கள். அழைத்த நேரம் அங்கே பதிவாகும்.